கேட்டுவிட்டுக் கை வையுங்கள்

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். மைதான ஓரத்தில் மேசை போட்டு, கைரோபிராக்டிக் என்று சொல்லி (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பும் சிகிச்சை அது), இடுப்பு வலித்த அந்தக் கிரிக்கெட் பையனைப் படுக்க வைத்து, இடுப்பருகே ஒலிவாங்கியையும் பிடித்துக்கொண்டு, 'டப்' என்று ஒரு சத்தம் வரவழைத்ததைப் பார்த்தேன். அதன் கீழே நான் எழுதிய ஒற்றை வரிக்கு வந்த வசவுகளையும் படித்தேன். நான் எழுதியது இவ்வளவுதான்: "கை வைப்பதற்கு முன் யாராவது அவனைப் பரிசோதித்தார்களா?" இதற்குத்தான் 'மருந்துக் கம்பெனியின் கைக்கூலி' என்ற பட்டம். கூலி வந்து சேர்ந்ததும் தெரிவிக்கிறேன்.

ஒரு வரி புரியவில்லை என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

அவன் வேகப் பந்து வீச்சாளன், வலக்கைக்காரன். வலி இடுப்பின் இடப்பக்கம் என்று அவனே விரலால் தொட்டுக் காட்டுகிறான். பின்னால் வளைந்தால் கூடுகிறது என்கிறான். இதை அவன் சொல்லி முடிப்பதற்குள் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டார்கள். வளரும் வயதில் வேகமாகப் பந்து வீசுகிறவர்களுக்குக் கீழ்முதுகு முள்ளெலும்பின் பின்பகுதியில் மயிரிழை விரிசல் விழுவதுண்டு. விளையாட்டு மருத்துவம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் விழும். பின்னால் வளையும்போது வலிப்பது அதன் அடையாளங்களில் ஒன்று. அந்தப் பையனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேன் எடுக்காமல் எனக்கும் தெரியாது, மேசை போட்டவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தை எந்தத் தைரியத்தில் முறுக்கினார் என்றுதான் கேட்டேன்.

"பையன் எழுந்து சிரித்தானே, வலி போய்விட்டது என்றானே" என்று எத்தனை பேர்! சிரிப்பான். அப்படி ஒரு அழுத்தம் கொடுத்தால் தசை இறுக்கம் தளர்ந்து கொஞ்ச நேரத்துக்கு வலி குறைவது உண்மைதான். எலும்பில் விரிசல் இருக்கிறதா இல்லையா என்பதை அந்தச் சிரிப்பு சொல்லாது. வலி குறைந்த தெம்பில் அவன் மறுநாளே ஓடிப்போய்ப் பந்து வீசினால் இருக்கும் விரிசல் வளரக்கூடும். அதைப் படம் பிடிக்க யாரும் வரப்போவதில்லை.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் கேட்டதா?' என்று தலைப்பு வேறு வைத்திருக்கிறார்கள். விரலில் நெட்டி முறித்தால் என்ன சத்தம் வருமோ அதுதான் இதுவும். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயு இடைவெளி உண்டாகும்போது வரும் சத்தம். 2015இல் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்து அந்த நொடியைப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். அதே மூட்டு மறுபடி சொடுக்க ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்று எந்தக் கணக்கும் கிடையாது. நல்ல கைரோபிராக்டர்களே இதை ஒப்புக்கொள்வார்கள். ஒலிவாங்கி வைத்திருப்பவர்கள்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது என் நண்பர் ஒருவரின் பின்னூட்டத்துக்கு வருகிறேன். பல காலம் ஒன்றாக ஷட்டில் ஆடியவர். "நீயே போய் முதுகை முறித்துக்கொண்டு வந்தவன்தானே, ஊருக்கு மட்டும் உபதேசமா?" என்று எழுதி, மூன்று சிரிப்புப் பொம்மைகளையும் ஒட்டியிருக்கிறார். அந்நியர்களின் வசவு உறைக்கவில்லை. இது உறைத்தது. ஏனென்றால் முதுகு பிடித்துக்கொண்ட என்னை ஒரு கைரோபிராக்டரிடம் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டவரே அவர்தான். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்மாஷ் அடிக்கத் திரும்பியபோது கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்து காலணி போட முடியவில்லை. அந்தக் கைரோபிராக்டர் என்னைத் தொடுவதற்கு முன் நெடுநேரம் கேள்வி மட்டுமே கேட்டார். வலி காலுக்கு இறங்குகிறதா? சிறுநீர் கழிப்பதில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா? தொடைகளுக்கு நடுவே மரத்துப்போயிருக்கிறதா? எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கடைசி இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு ஆம் என்றிருந்தால் என்னை உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியிருப்பார் என்று. தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்கினால் வரும் அடையாளங்கள் அவை. காலை நீட்டித் தூக்கிப் பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார், கால் பெருவிரலின் பலத்தைச் சோதித்தார். அதன் பிறகே அழுத்தம் கொடுத்தார். அன்று மாலையே குனிய முடிந்தது. அத்தோடு விடவில்லை, செய்ய வேண்டிய உடற்பயிற்சிகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, "என்னிடம் வருவதைவிட இதைச் செய்வதுதான் முக்கியம்" என்றார். இதையும் மைதான மேசையையும் ஒன்றென்று சொல்ல எப்படி மனம் வந்தது, நண்பரே?

எதிர்த்திசையிலிருந்து வந்த அடியையும் மறைக்கவில்லை. "கைரோபிராக்டிக்கே போலி அறிவியல், நீ எப்படி அதற்குப் பரிந்து பேசலாம்?" என்று மருத்துவம் படித்த இருவர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 1895இல் இதைத் தொடங்கிய டேனியல் டேவிட் பால்மர், நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முள்ளெலும்பு விலகலால் வருகிறது என்று எழுதியவர். அபத்தம். இன்றும் அதைச் சொல்லி ஆஸ்துமாவுக்கும் காதுவலிக்கும் முதுகை அழுத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. ஆனால் கீழ்முதுகு வலி வேறு கதை. அமெரிக்க மருத்துவர்களின் சங்கமான 'அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்' 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயலத்தக்கவற்றில் வெந்நீர் ஒத்தடம், மசாஜ் ஆகியவற்றோடு முதுகெலும்புக் கைச்சிகிச்சையும் இருக்கிறது. பிரிட்டனின் வழிகாட்டுதல் இன்னும் கறார்: உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான், தனியாக வேண்டாம். இதற்கு மேல் நானும் எதுவும் கோரவில்லை.

எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமைகூட நமக்கு இல்லையா? கணுக்கால் பிசகினால் வெளிப்பக்க ஜவ்வுதான் இழுபடும் அல்லது கிழியும். எந்தக் கையும் அதை ஒட்ட வைக்காது. வீக்கம் வடிந்த பிறகு விறைத்துப்போன மூட்டை மெல்ல அசைத்து இளக வைக்கலாம், அங்கே கைச்சிகிச்சை பயன்படும். மறுபடி பிசகாமல் காப்பது ஒற்றைக்காலில் நின்று பழகும் சமநிலைப் பயிற்சிதான். அதற்கும் முன்னால், அடிபட்டவரால் நாலு எட்டு வைக்க முடிகிறதா, கணுவெலும்பை அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடக்க முடியாவிட்டால் முதலில் எக்ஸ்ரே. தொடையின் பின்தசை கிழிந்தால் படிப்படியாகச் சுமை ஏற்றும் பயிற்சிதான் மருந்து. முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும் டென்னிஸ் எல்போவுக்கும் அப்படித்தான், கூடவே மாதக்கணக்கில் பொறுமை. முழங்கால் 'டப்' என்று ஒலித்துச் சில மணி நேரத்தில் வீங்கினால் மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு கிழிந்திருக்கலாம், யாரிடமும் முழங்காலைக் கொடுக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். இடுப்பு, நடுமுதுகு, கழுத்துப் பிடிப்பு என்றால் தேர்ந்த கைரோபிராக்டர் நிஜமாகவே உதவுவார். கழுத்தை வேகமாகத் திருப்புவதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. மிக அரிதாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. அந்தத் திருப்பல்தான் காரணமா, ஏற்கெனவே கிழியத் தொடங்கியதால் வந்த கழுத்துவலிக்காகத்தான் அவர்கள் போனார்களா என்று நிபுணர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. ஓயும்வரை என் கழுத்தை நான் யாரிடமும் கொடுப்பதாக இல்லை.

"உலகப் புகழ் பெற்ற வீரர்களெல்லாம் கைரோபிராக்டரைக் கூடவே வைத்திருக்கிறார்களே?" வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அணி மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், கூப்பிட்டால் ஸ்கேன் என்று எல்லாமும் வைத்திருக்கிறார்கள். மேசையை மட்டும் எடுத்துவந்தால் எப்படி?

நான் யாரை நம்புகிறேன் என்றும் கேட்டிருந்தார்கள். என் அக்கா மகள் தொலைதூர ஓட்டக்காரி. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி என்று அதே கைரோபிராக்டரிடம் அழைத்துப்போனோம். அவர் எலும்பின் மேல் ஒரு விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒரே ஒரு இடத்தில் இவள் துள்ளிவிட்டாள். அந்தக் காலில் நொண்டியடிக்கச் சொன்னார், முடியவில்லை. "நான் கை வைக்கமாட்டேன்" என்று சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்து எலும்பு மருத்துவரிடம் அனுப்பினார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் தெரியாது என்றும் அவர் எழுதியிருந்தார். எம்.ஆர்.ஐ.யில் விரிசல் தெளிவாக விழுந்திருந்தது. அன்று அவர் பணம்கூட வாங்கவில்லை. நான் நம்புவது இவரை. கை வைக்காமல் திருப்பி அனுப்பத் தெரிந்தவரை.

அவளுக்கு ஓய்வு சொன்னார்கள். அவளுடைய பயிற்சியாளரோ அணிப் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார். கேட்டதற்கு "மன உறுதி போதாது" என்றார். வலி என்று அவள் முதலில் சொன்னபோது "ஓட ஓடச் சரியாகும்" என்று சொன்னவரும் அவரே. மருத்துவர் தந்த அறிக்கையை மடித்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். அக்கா அங்கே நின்று கெஞ்சினாள். நான் ஒன்றும் பேசாமல் நின்றது எதற்கென்றால், பேசியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

காணொளியைப் பற்றிப் பேச வந்துவிட்டுப் பயிற்சியாளரை ஏன் இழுக்கிறாய் என்பீர்கள். இழுப்பேன். ஐந்து நிமிடத்தில் சரியாக வேண்டும் என்ற அவசரம் அந்தப் பிள்ளைகளுக்குத் தானாக வருகிறதா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது, இடம் போய்விடும் என்று பயமுறுத்தி வளர்க்கிறோம். பிறகு மேசை போட்டவர் மேல் மட்டும் பாய்வதில் என்ன நியாயம்? இவளுக்கு அந்த வலி எப்போது தொடங்கியது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போட்டி நெருங்குகிறது என்று சொல்லி, ஓடும் தூரத்தை ஒரே வாரத்தில் இரண்டு மடங்காக்கச் சொன்னாரே, அந்த வாரத்தில்தான்.