தூக்கி அடிச்சா அது லாங் பாஸா?

எந்தக் கால்பந்து மைதானத்துக்குப் போனாலும் இந்தக் கத்தல் தப்பாது. கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் காலில் பந்து இருக்கும். முன்னால் இருபது மீட்டர் காலியாக இருக்கும், ஒருத்தனும் நெருக்கியிருக்க மாட்டான். ஆனாலும் டச்லைனில் நிற்கிற கோச்சிலிருந்து பைக் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர் வரை ஒரே குரல்: "தூக்கி அடிடா!" அவனும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிப்பான். பந்து நேராக எதிரணி ஸ்டாப்பர் தலைக்குப் போகும். அவன் நின்ற இடத்திலிருந்தே முட்டித் திருப்பி அனுப்புவான். அடுத்த பத்து நொடியில் நம்ம கோல் முன்னால் மூணு பேர். உடனே திட்டு யாருக்கு? ஸ்ட்ரைக்கருக்கு. "ஏண்டா ஓடல?" பந்து எங்கே விழும் என்று அடித்தவனுக்கே தெரியாதபோது அவன் எங்கே ஓடுவான் சாமி?

டிவி முன்னால் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்களுக்கு முப்பது மீட்டர் தாண்டிய எந்தப் பந்தும் கேவலம். "ஹூஃப் பண்றான் பாரு" (குறியில்லாமல் உதைக்கிறானாம்), "இதெல்லாம் பழைய இங்கிலீஷ் ஆட்டம்" என்று உதட்டைச் சுழிப்பார்கள். பார்சிலோனா நாலு சீசன் பார்த்துவிட்டு வந்த மேதாவித்தனம். முதல் கூட்டம் லாங் பாஸைக் கொலை பண்ணுகிறது என்றால், இரண்டாவது கூட்டம் அது செத்தது நல்லதுதான் என்று கைதட்டுகிறது.

ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். லாங் பாஸ் நல்லதா கெட்டதா என்பது அடிக்கிறவன் கால் பலத்தில் தீர்மானம் ஆவதில்லை. அடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, பந்து விழப்போகிற இடத்தைச் சுற்றி யார் யார் நிற்கிறார்கள், இந்த ரெண்டிலும்தான் தீர்மானம் ஆகிறது.

முதலில் இடத்தைப் பாருங்கள். பெரிய போட்டிகளின் மைதானம் 105 மீட்டர் நீளம். எதிரணி பேக் லைன், அதாவது கடைசித் தடுப்பு வரிசை, நடுக்கோட்டை ஒட்டி ஏறி நின்றால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் 50 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கோலி (கோல்கீப்பர்) முன்னால் வந்து 20 மீட்டரை அடைத்தாலும் 30 மிஞ்சும். அதே லைன் பெனால்டி பாக்ஸ் கோட்டுக்கு இறங்கிவிட்டால் பின்னால் இருப்பது வெறும் 16.5 மீட்டர். அதில் முக்கால்வாசி கோலி ரெண்டு எட்டில் வந்து பிடிக்கிற இடம். அங்கே தலைக்கு மேல் தூக்கிப் போடுவது கோலிக்குக் கேட்ச் பழக்குவது. ஊர்ப்பக்கம் பல மைதானங்கள் 90 மீட்டரே தேறாது. அங்கே 40 மீட்டர் பந்து பாதி நேரம் கோல் லைனைத் தாண்டித்தான் நிற்கும். இதையெல்லாம் பார்க்காமல், எதிரணி ஏறி நின்றாலும் இறங்கி நின்றாலும் அதே கத்தல், அதே அடி.

இடம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. நல்ல பேக் லைன் பந்தை மட்டும் பார்ப்பதில்லை, பந்து வைத்திருப்பவனின் தலையைப் பார்க்கும். அவன் மேல் ஆள் ஏறியிருந்தால், தலை குனிந்திருந்தால், லைன் தைரியமாக மேலே வரும். அவன் நிமிர்ந்து, பந்தைக் காலிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான் என்றால் உடனே நாலைந்து மீட்டர் பின்னால் இறங்கும். ஸ்ட்ரைக்கர் ஓட்டத்தை ஆரம்பிக்க வேண்டியதும் அதே நொடிதான். பந்தைத் தள்ளி வைக்கிற அந்தக் கடைசித் தொடுதல்தான் அடையாளம். பந்து பறந்த பிறகு ஓட ஆரம்பிக்கிறவன் இரண்டு நொடி லேட்.

லைனை எப்படி மேலே வரவைப்பது? சின்ன பாஸ்தான் வழி. நடுவில் ஆடுகிற ஹாஃபுக்குக் கொடு, திரும்ப ஸ்டாப்பருக்கு வாங்கு. பின்னால் பாஸ் போனதும் எதிரணி மொத்தமும் முன்னால் வரும். அது பழக்கதோஷம். அவர்கள் கால் முன்னோக்கிப் போகிற அந்தக் கணத்தில் தலைக்கு மேல் பந்து போனால், ஒவ்வொரு பேக்கும் நின்று, இடுப்பைத் திருப்பி, பிறகு ஓட வேண்டும். நம்ம ஆள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பான். அதற்குள் இங்கே "பின்னால குடுக்காதடா!" என்று கத்தி அந்தப் பையன் நெஞ்சைப் பதறவைத்துவிடுகிறீர்கள்.

அடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 40 மீட்டர் பந்தைத் தாழ்வாக அறைந்து அனுப்பினால் சுமார் 2 நொடியில் சேரும். அதையே வானத்துக்குத் தூக்கினால் 3 நொடி. ஒரு நொடிதானே என்று நினைக்காதீர்கள். திரும்பி ஓடுகிற பேக் அந்த ஒரு நொடியில் 7 மீட்டர் கடந்துவிடுவான். "என்னா உசரம்!" என்று கைதட்டுகிறார்களே, அந்த உயரம் எதிரணிக்குக் கொடுத்த நேரம்.

பந்துக்கு நேர் பின்னாலிருந்து ஓடி வரக் கூடாது. 30 முதல் 45 டிகிரி சாய்வாக வர வேண்டும். ஊன்றுகால் பந்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி, சற்றே பின்னால். பெருவிரல் எலும்பு ஷூ லேஸைச் சேர்கிற இடத்தால் பந்தின் நடுவுக்குக் கீழே அடிக்க வேண்டும். உடம்பு பின்னால் மல்லாந்தால் பந்து நிலாவுக்குப் போகும். பேக் லைனுக்குப் பின்னால் போடுகிற பந்தென்றால் கீழே வெட்டி, காலைச் சீக்கிரம் நிறுத்த வேண்டும். பின்சுழற்சி ஏறிய பந்து விழுந்த இடத்தில் தயங்கி நிற்கும், கோலியிடம் ஓடாது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாற்றுகிற பந்தென்றால் காலை முழுக்க வீசி, தட்டையாக அனுப்ப வேண்டும். கட்டாந்தரையில் முதல் குத்திலேயே பந்து ஆள் உயரம் எழும்பும், ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு ஓடும். ரெண்டிலும் விழும் இடத்தைக் கொஞ்சம் கிட்டத்திலேயே வைக்க வேண்டும். பின்காற்று இருக்கிற பாதியில் லைனுக்குப் பின்னால் போடுகிற பந்து பெரும்பாலும் வீண். எதிர்க்காற்றுதான் பந்தைப் பிடித்து நிறுத்தும்.

1998 உலகக்கோப்பைக் காலிறுதி, மார்செய். அர்ஜென்டினாவுக்கு எதிராகக் கடைசி நிமிடம். நெதர்லாந்தின் ஃப்ராங்க் டி போயர் தன் பாதியிலிருந்தே குறுக்காக அனுப்பிய பந்தை பெர்க்கம்ப் ஒரு தொடுதலில் இறக்கி, அடுத்ததில் அர்ஜென்டினா பேக் அயாலாவைத் தாண்டி, மூன்றாவதில் கோலாக்கினார். எல்லாரும் அந்த மூணு தொடுதலையே பேசுகிறார்கள். டி போயர் நிமிர்ந்து பார்த்தபோது அவர் மேல் நெருக்கடி இல்லை, பெர்க்கம்ப் அதைப் பார்த்துத்தான் ஓட ஆரம்பித்தார் என்பதை யாரும் பேசுவதில்லை. 2014 உலகக்கோப்பையில் சால்வடோரில் ஸ்பெயினுக்கு எதிராக அதே நெதர்லாந்தின் வான் பெர்சி பாய்ந்து முட்டிய கோலும் அப்படித்தான். இடப்பக்கம் நடுக்கோட்டருகே டேலி பிளிண்டுக்கு நேரம் கிடைத்தது, ஸ்பெயின் லைன் ஏறி நின்றது, அவர்கள் கோலி காசியாஸ் முன்னால் வந்திருந்தார். இதில் எது குருட்டு அடி?

சரி, ஓடுவதற்கு இடமே இல்லை, ஸ்ட்ரைக்கர் தலைக்குத்தான் அடிக்கப் போகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். தப்பில்லை. ஆனால் இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பந்தை நேருக்கு நேர் பார்த்து ஓடி வந்து குதிக்கிறவன் எதிரணி ஸ்டாப்பர். கோலுக்கு முதுகைக் காட்டி, நின்ற இடத்தில் குதிக்கிறவன் நம்ம ஸ்ட்ரைக்கர். முதல் முட்டு பெரும்பாலும் ஸ்டாப்பருக்குத்தான் போகும். இது முன்கூட்டியே தெரிந்த விஷயம். அப்படியென்றால் திட்டம் முதல் முட்டைச் சுற்றி இருக்கக் கூடாது. அது தெறித்து விழுகிற இரண்டாவது பந்தைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். ஸ்டாப்பர் முட்டின பந்து பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் முன்னால் வந்து விழும். அங்கே நம்ம ஆள் ரெண்டு பேர் முகத்தை முன்னோக்கி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருத்தன் நேராக, ஒருத்தன் மைதானத்தின் உள்பக்கமாகச் சாய்ந்து. மறுபக்க ஓரத்தில் ஆடுகிற விங்கர் டச்லைனில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்காமல் நடுவுக்கு நெருங்கி வர வேண்டும். தப்பித்தவறி ஸ்ட்ரைக்கர் உரசிவிட்டால் பந்து பின்னால் போகுமே, அதற்கு ஒருத்தன் லைனுக்குப் பின்னால் ஓட வேண்டும்.

பந்து வானத்தில் இருக்கிற அந்த ரெண்டு மூணு நொடியில் நம்ம பேக் லைன் என்ன செய்கிறது? வேடிக்கை பார்க்கிறது. 12, 15 மீட்டர் மேலே ஏறுவதற்கு அந்த நேரம் போதும். ஏறாவிட்டால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே 50, 60 மீட்டர் ஓட்டை விழும். முட்டித் தெறிக்கிற பந்து அந்த ஓட்டையில்தான் விழும், எதிரணி ஹாஃப் அதை நெஞ்சில் வாங்கி நிதானமாகத் திரும்புவான். 30, 35 மீட்டருக்குள் அணியை ஒடுக்காமல் அடிக்கிற லாங் பந்து எதுவும் நம்ம பந்தில்லை. இன்னொன்று: எதிரணியின் உயரமான ஸ்டாப்பரோடு மோதவிடாமல், ஸ்ட்ரைக்கரை ஓரத்துக்கு நகர்த்திக் குட்டையான சைடு பேக் (ஓரத் தடுப்பாளர்) மேல் நிறுத்துங்கள். பந்து அங்கே போகட்டும். தோற்றாலும் பெரும்பாலும் த்ரோ-இன் கிடைக்கும், அவர்கள் பாதியிலேயே எல்லாரும் நெருக்கி நிற்கலாம்.

ஓரம் மாற்றுகிற பந்துக்கு ஒரே ஒரு விஷயம். 68 மீட்டர் அகல மைதானத்தில் பத்துப் பேரும் பந்துப் பக்கம் ஒதுங்கித் தடுக்கிற அணி பாதி அகலத்தைக் கைவிட்டுத்தான் நிற்கிறது. அந்தப் பக்கம் மாற்றினால் விங்கருக்கு ஒருத்தனோடு ஒருத்தன் மோதல் கிடைக்கும். ஆனால் அவன் நின்றுகொண்டு நெஞ்சில் வாங்கினால் மூணு தொடுதல் போய்விடும், அதற்குள் தடுப்பு முழுக்க நகர்ந்து வந்துவிடும். அவன் ஓடுகிற வழியில் சற்று முன்னால், டச்லைன் பக்கக் காலுக்குப் போட வேண்டும்.

இப்போது டிவி மேதாவிகளிடம் வருகிறேன். லாங் பாஸுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததில் பெரும்பங்கு சார்லஸ் ரீப்புக்கு உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். 1950 மார்ச்சில் ஸ்விண்டன் டவுன் ஆட்டத்தில் நோட்டும் பென்சிலுமாக ஆட்ட நகர்வுகளைக் குறிக்க ஆரம்பித்தார். 1968ல் புள்ளியியலாளர் பெர்னார்ட் பெஞ்சமினோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரையே போட்டார். பத்துக்கு எட்டு கோல் மூணு பாஸுக்குள் வருகிறது, அதனால் சீக்கிரம் முன்னால் அடி என்பது அவர் வாதம். அவருடைய எண்களையே எடுத்துப் பாருங்கள். ஆட்டத்தில் நடக்கிற நகர்வுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் மூணு பாஸுக்குள்தான் முடிகின்றன. ஒன்பது பங்கு முயற்சிக்கு எட்டு பங்கு கோல் என்றால் அது லாபமா நஷ்டமா? இந்தக் கணக்குப் பிழையோடுதான் இங்கிலாந்துப் பயிற்சிமுறை பல வருஷம் ஓடியது.

ஆனால் அதைக் காட்டி லாங் பாஸையே ஒழிக்கச் சொல்வது இன்னொரு பிழை. 1990 உலகக்கோப்பையில் ஜாக் சார்ல்டன் பயிற்சியாளராக இருந்த அயர்லாந்து காலிறுதி வரை போனது. சைடு பேக்குகளின் முதுகுக்குப் பின்னால் போடு, அவர்களைச் சொந்த கோலைப் பார்த்து ஓடவை, நெருக்கு. அவ்வளவுதான் திட்டம். அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். நெதர்லாந்துக்கு எதிராக வந்த கோலைப் பாருங்கள். கோலி பாக்கி பானர் நீளமாக உதைத்தார். நெதர்லாந்து பேக் அவசரத்தில் தன் கோலிக்கே பாஸ் கொடுத்தார், அவர் நழுவவிட்டார், நியால் குவின் தட்டிப் போட்டார். 2020 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் மொத்தமும் கார்னருக்கு ஏறி வந்திருந்தபோது லிவர்பூல் கோலி அலிசன் ஒரே உதையில் சலாவை ஓடவைத்தாரே, அதையும் ஹூஃப் என்பீர்களா?

சின்ன பாஸ் பக்தர்கள் மறக்கிற விஷயம் ஒன்று. 2019ல் கோல்கிக் (எதிரணி கோல் லைனுக்கு வெளியே அடித்த பந்தைக் கோல் முன்னாலிருந்து உதைப்பது) விதி மாறியது, பாக்ஸுக்குள்ளேயே பந்தை வாங்கலாம் என்றானது. அதிலிருந்து எதிரணி ஐந்தாறு பேரை முன்னால் அனுப்பி நெருக்குகிறது. அவர்கள் வரட்டும் என்றுதான் பெரிய அணிகள் கோலி பக்கத்திலேயே தட்டிக்கொண்டிருக்கின்றன. வந்ததும் தலைக்கு மேல் போகிறது பந்து. கோல்கிக்கிலிருந்து நேராக வாங்கினால் ஆஃப்சைடும் கிடையாது, எதிரணி லைனுக்குப் பின்னால் நின்றே வாங்கலாம். நீங்கள் ரசிக்கிற அந்தத் தட்டல், பாதி நேரம் லாங் பாஸுக்குப் போடுகிற தூண்டில்.

"லாங் பாஸ் துல்லியம்" என்று ஒரு சதவீதத்தைத் திரையில் காட்டுவார்கள், அதைப் பார்த்தாலும் எரிச்சல்தான். கார்னர் பக்கம் போட்ட பந்தை எதிரணி வெளியே தட்டிவிட்டால் அது தோல்விக் கணக்கு. ஒருத்தனும் நெருக்காத ஸ்டாப்பர் சைடில் நிற்கிற இன்னொருத்தனுக்கு அனுப்பியது வெற்றிக் கணக்கு. எது கோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனது என்று அந்த எண் சொல்லாது.

பயிற்சியைப் பார்த்தாலோ அழுகைதான் வரும். 40 மீட்டரில் ரெண்டு கோன், ரெண்டு பையன்கள், அரை மணி நேரம் மாற்றி மாற்றி உதைக்கிறார்கள். நின்ற பந்து, நின்ற ஆள், நெருக்கடி இல்லை, ஆஃப்சைடு லைன் இல்லை. ஆட்டத்தில் இப்படி ஒரு நிலைமை வரவே வராது. கோனைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஒரு ஸ்டாப்பர், அவனை நெருக்க ஒருத்தன், பந்தை வாங்கித் திருப்பித் தர ஒரு ஹாஃப், எதிரே நாலு பேர் லைன், ஓட ரெண்டு பேர், தெறிக்கிற பந்துக்கு ரெண்டு பேர். பின்னால் கொடுத்த பாஸுக்குப் பிறகுதான் நீளமாக அடிக்கலாம் என்று விதி வையுங்கள். இரண்டாவது பந்தை எடுத்தால் கோலுக்குச் சமமான புள்ளி கொடுங்கள். இருபது நிமிடம் போதும்.

அதற்கும் முன்னால் அந்தப் பந்துக்குக் காற்றடியுங்கள். விதிப்படி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் இருக்க வேண்டும். கட்டைவிரலில் அமுக்கினால் குழி விழுகிற பந்தைக் கொடுத்துவிட்டு, முப்பது மீட்டர்கூடப் போகவில்லை என்று பையனை ஏன் திட்டுகிறீர்கள்?