இன்காக்னிட்டோ அலுவலகத் தடையை நீக்காது

காரைக்குடி அலுவலகத்தில் இணைய வானொலி தடுக்கப்பட்டிருப்பதாகக் கேட்ட சகோதரிக்கு, "இன்காக்னிட்டோவில் திறந்தால் தடையும் இராது, ஐடி பிரிவுக்கும் தெரியாது" என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அது தவறு, நம்பிச் செய்பவரின் வேலைக்கே உலை வைக்கும் என்பதால் விளக்குகிறேன்.

இன்காக்னிட்டோ என்பது உலாவியின் தனிப்பட்ட சாளரம். அது, மூடியவுடன் வரலாற்றையும் குக்கீகளையும் அந்தக் கணினியிலிருந்து அழிக்கிறது, அவ்வளவுதான். தளத்தின் முகவரியைத் தேடும் டிஎன்எஸ் வினவலும், எச்டிடிபிஎஸ் எனப்படும் மறையாக்கப்பட்ட இணைப்பின் தொடக்கத்தில் பெரும்பாலும் மறைக்கப்படாமலே செல்லும் தளப் பெயரும் அலுவலக இணையப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலைக் கடந்தே போகவேண்டும் என்பதால், தடை அப்படியே நிற்கும், பதிவும் விழும். போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியே மறைத்து அனுப்பும் இலவச விபிஎன் தளப் பெயரை மறைத்தாலும், விபிஎன் ஓடுவதே கண்ணில் பட்டுவிடும்.

தடை போட்டவர்களிடமும் நியாயம் இருக்கிறது. 128 கேபிபிஎஸ் ஒலிபரப்பு மணிக்கு ஏறக்குறைய 58 எம்பி எடுக்கும். ஒருவருக்கு அது சிறிதுதான், இருபது பேர் கேட்டால் 2.5 எம்பிபிஎஸ் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்கும்.

அனுமதி கேட்டுப் பாருங்கள், அல்லது சொந்த மொபைல் டேட்டாவில் அகில இந்திய வானொலியின் நியூஸ் ஆன் ஏர் செயலியைப் பயன்படுத்துங்கள். கைப்பேசியில் எஃப்எம் வசதி இருந்தால் இணையமே வேண்டாம்; இயர்போன் ஒயரே ஆன்டெனாவாகிவிடும். பழைய செட்டிநாட்டு வீட்டில் அலுவலகம் இயங்கினால், தடித்த சுவர்களுக்குள் அலை மங்கும். வளவு எனப்படும் திறந்த நடுமுற்றத்தின் பக்கம் இருக்கை கிடைத்தால் தெளிவாகக் கேட்கும்.