ஆர்சனிக் வரம்பு எலிகளிடமிருந்து வந்ததல்ல

‘குடிநீர் நச்சுகளுக்கான வரம்புகள் எல்லாம் எலிகளை வைத்துப் போட்ட கணக்கு, மனிதர்களிடம் நடத்தும் ஆய்வு வெறும் ஒப்பீடு, அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆர்சனிக் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு.

ஆய்வக விலங்குகளிடம் ஆர்சனிக்கால் புற்றுநோய் வருவதை நெடுங்காலம் காட்ட முடியவில்லை. எலியை மட்டும் நம்பியிருந்தால் பயமில்லை என்றே சொல்லியிருப்பார்கள். உண்மை தெரியவந்தது தைவானின் தென்மேற்குக் கடலோர ஊர்களில். அங்கே ஆழ்கிணற்று நீரைப் பல்லாண்டுகள் குடித்தவர்களுக்குக் கால்விரல்கள் கறுத்து அழுகின. தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய்கள் வந்தன. நீரில் ஆர்சனிக் கூடக் கூட நோயும் கூடியது. எவ்வளவு நச்சுக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்கிடும் இடர் மதிப்பீட்டுக்கு வேண்டியது இந்த ஏறுவரிசைதான். அமெரிக்கா 2001இல் வரம்பை லிட்டருக்கு 50 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தபோது முக்கியமாகச் சார்ந்திருந்ததும் இந்தத் தரவையே.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொருவரும் குடித்த ஆர்சனிக்கின் அளவு தெரியாததால் ஊர்க் கிணற்று நீரில் இருந்த அளவையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இதே ஆபத்தைக் காட்டும் சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகரத்தையும் பாருங்கள். 1958 முதல் 1970 வரை அங்கே குடிநீரில் ஆர்சனிக் மிக அதிகம். சுத்திகரிப்பு நிலையம் வந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இறப்புகள் கூடுதலாகவே இருந்தன.