ஆதாரம் முதலில் வரட்டும், தூதரை வெளியேற்றுவது பிறகு

எந்த நாடாவது இன்னொரு நாட்டின் மீது சைபர் தாக்குதல் பழி போட்டால் அடுத்து நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். தூதரைக் கூப்பிட்டுக் கண்டிப்பார்கள், அவர் "அடிப்படையற்றது" என்பார், விஷயம் அத்தோடு அடங்கிவிடும். ஐரோப்பிய நாடான அல்பேனியா அப்படி விடவில்லை. 2022 செப்டம்பர் 7 அன்று அதன் பிரதமர் எடி ராமா, அரசுக் கணினிகளைத் தாக்கியது ஈரான்தான் என்று சொல்லி, அந்த நாட்டுடன் தூதரக உறவையே முறித்தார். தூதரக ஊழியர்கள் வெளியேற 24 மணி நேரம் கொடுத்தார். சைபர் தாக்குதலுக்காக ஒரு நாடு உறவை முறித்தது அதுவே முதல் முறை. அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது. அதைச் செய்த வரிசையில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 2022 மே மாதம்தான் அல்பேனியா பெரும்பாலான அரசுச் சேவைகளின் நேரடி கவுன்டர்களை மூடிவிட்டு, எல்லாவற்றையும் இ-அல்பேனியா என்ற இணையதளத்துக்கு மாற்றியிருந்தது. ஜூலை நடுவில் தாக்குதல் வந்ததும் அந்தத் தளத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு சான்றிதழ் வேண்டுமென்றால் போய் நிற்கக்கூட ஜன்னல் கிடையாது.

ஆனால் தாக்கியவர்கள் உள்ளே நுழைந்தது அதற்குச் சுமார் 14 மாதங்களுக்கு முன்பே. இணையத்தை நோக்கித் திறந்திருந்த, அலுவலகக் கோப்புகளைப் பகிர உதவும் ஒரு ஷேர்பாயிண்ட் சர்வர்தான் வாசல். அதில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2019-லேயே பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், வெளியிட்டிருந்தது, யாரும் போடவில்லை. உள்ளே வந்தவர்கள் வெப்ஷெல் என்ற கள்ளவாசல் நிரலை வைத்து இடத்தை உறுதி செய்துகொண்டு, கணினியைத் தூரத்திலிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒவ்வொரு இயந்திரமாகப் பரவினார்கள். மின்னஞ்சலைக் கையாளும் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் நிர்வாக உரிமை பெற்று மாதக்கணக்கில் மின்னஞ்சல்களை அள்ளினார்கள். கடைசியில்தான் கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேரை விட்டார்கள். தடுக்கும் பக்கம் விழித்துக்கொண்டதும் வட்டையே அழிக்கும் வைப்பர் வந்தது. பணம் குறியே அல்ல. திரையில் வந்த வாசகம், துரஸ் நகரத்துப் பயங்கரவாதிகளுக்கு எங்கள் வரிப்பணம் எதற்கு என்று கேட்டது. அல்பேனியாவின் துரஸ் அருகே மனேஸில் ஈரான் அரசை எதிர்க்கும் முஜாஹிதீன்-ஏ-கல்க் அமைப்பினர் அப்போது சுமார் 3,000 பேர் தங்கியிருந்தார்கள். அந்த மாதம் அங்கே அவர்களின் மாநாடு நடப்பதாக இருந்தது.

ஈரான்தான் என்று எப்படிச் சொன்னார்கள்? அந்த வைப்பர் விண்டோஸைச் சுற்றிக்கொண்டு வட்டில் நேராக எழுத, எல்டோஸ் நிறுவனத்தின் ராடிஸ்க் டிரைவரை (வட்டோடு நேரடியாகப் பேசும் சிறு நிரல்) பயன்படுத்தியது. அந்த டிரைவர் இயங்க லைசன்ஸ் கீ வேண்டும். 2019-ல் மத்திய கிழக்கின் எரிசக்தி நிறுவனம் ஒன்றைத் தாக்கிய ஸீரோகிளியர் வைப்பரில் இருந்த அதே கீதான் இதிலும் இருந்தது. நல்ல தடயம்தான், ஆனால் அது மட்டும் போதாது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கைத் தாக்கிய நிரலில், வடகொரியக் குழுவின் தடயம் வேண்டுமென்றே ஒட்டவைக்கப்பட்டிருந்தது. பிறகு அமெரிக்கா குற்றம்சாட்டியது ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகளை. அதனால்தான் கருவி, நிரலில் உள்ள டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ், வேறு யாரை எல்லாம் தாக்கினார்கள், யாருக்கு லாபம் என்று பல அடுக்குகள் ஒரே திசையைக் காட்ட வேண்டியிருக்கிறது. இங்கே காட்டின.

அதன் பிறகும் ஒரு படி மிச்சம் இருக்கிறது. "ஈரானியர் செய்தார்கள்" என்பதும் "ஈரான் அரசு செய்யச் சொன்னது" என்பதும் ஒன்றல்ல. சர்வதேசச் சட்டத்தில் தனியார் ஒருவரின் செயல் அரசின் தலையில் விழ, அரசின் உத்தரவோ கட்டுப்பாடோ காட்டப்பட வேண்டும். அதைக் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் உளவுத்துறைகளின் பெட்டியில்தான் இருக்கும், வெளியே வராது. சைபர் தகராறுகள் எல்லாம் முட்டி நிற்பது இந்த இடத்தில்தான்.

தேதிகளைப் பாருங்கள். உறவு முறிந்தது செப்டம்பர் 7. மைக்ரோசாஃப்டின் விரிவான அறிக்கை வந்தது மறுநாள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் தொழில்நுட்ப விவரங்களை வெளியிட்டது செப்டம்பர் 21. முடிவு முந்திக்கொண்டது, முழு ஆதாரம் பின்னால் வந்தது. அரசுகள் மீது இப்படிப் பழி சொல்லும்போது அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று 2015-ல் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையே சொல்லியிருக்கிறது. இரண்டு வாரம் பொறுத்திருந்தால், ஈரானின் மறுப்புக்குப் பதில் பிரதமரின் வார்த்தையாக இல்லாமல், யாரும் எடுத்துச் சரிபார்க்கக்கூடிய கோப்புகளாக இருந்திருக்கும்.

ராமா அவசரப்பட்டார் என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. 2018-லும் 2020-லும் அல்பேனியா ஈரானியத் தூதரக அதிகாரிகளை ஏற்கெனவே வெளியேற்றியிருந்தது. கடுமை குறைந்த நடவடிக்கைகள் தீர்ந்துவிட்டிருந்தன. நேட்டோ உறுப்பு நாடு என்பதால், ஒரு உறுப்பினரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளும் ஐந்தாம் பிரிவு பற்றிய பேச்சும் எழுந்தது, ஆனால் அது பயன்படுத்தப்படவில்லை. ஈரான் பக்கமும் சொல்ல ஒன்று இருக்கிறது. 2010-ல் வெளிப்பட்ட, அணு நிலைய இயந்திரங்களைக் குலைத்த ஸ்டக்ஸ்நெட் நிரல், 2021-ல் பெட்ரோல் நிலையங்கள், 2022 ஜூனில் எஃகு ஆலை என்று அவர்களும் அடி வாங்கியவர்கள்தான். அதற்காக ஒரு நாட்டுக் குடிமக்களின் சேவைகளை அழிப்பதை ஏற்க முடியாது.

என்னை மிகவும் உறுத்துவது வேறு. அந்த நவம்பரில் அல்பேனிய அரசு வழக்கறிஞர்கள், கணினிகளைச் சரிவரப் பாதுகாக்கவில்லை என்று 5 அரசு ஊழியர்களை வீட்டுக்காவலில் வைக்கக் கேட்டார்கள். பேட்ச் போடாதது பெரிய தவறு, சந்தேகமில்லை. ஆனால் கவுன்டர்களை மூடிவிட்டு ஒரு நாட்டையே ஒரே தளத்தில் ஏற்றியவர்கள், அதைக் காக்க எவ்வளவு ஆள், எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பதையும் விசாரித்திருக்க வேண்டும்.

உறவை முறித்தது தாக்குதலையும் நிறுத்தவில்லை. சில நாட்களிலேயே எல்லைக் காவல்துறையின் கணினி அமைப்பு தாக்கப்பட்டது. 2023 டிசம்பரில் நாடாளுமன்றம், 2024 தொடக்கத்தில் புள்ளியியல் நிறுவனம். பொறுப்பேற்றது, 2022 ஜூலை தாக்குதலுக்குப் பொறுப்பேற்ற அதே 'ஹோம்லேண்ட் ஜஸ்டிஸ்' என்ற குழுப் பெயர்தான். ஆனால் இந்த முறை கூப்பிட்டுக் கண்டிக்க அல்பேனியத் தலைநகர் டிரானாவில் ஈரானியத் தூதர் யாரும் இல்லை.