முடிந்த தொடரைத்தான் வாசகர் நம்புகிறார்

இந்த ஆண்டின் மின்னூல் விற்பனைக் கணக்கை மாதவாரியாக எடுத்து வைத்துப் பார்த்து முடித்தேன். தமிழில் மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுதி, பதிப்பாளர் இல்லாமல் நானே வெளியிடுகிறவள் என்ற முறையில் ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டு என் வருமானத்தைத் தூக்கி நிறுத்தியது விளம்பரம் இல்லை, விலைக்குறைப்பும் இல்லை. தொடரின் கடைசிப் பாகமான மூன்றாம் பாகம் ஆடி மாதத்தில் வெளியானது. அதற்கடுத்த மாதங்களில் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட நூல் எது என்று பார்த்தால், அது மூன்றாம் பாகம் இல்லை. முதல் பாகம்! வெளிவந்து ஆண்டுகள் ஓடிவிட்ட, இப்போது எங்கும் விளம்பரம் செய்யாத முதல் பாகம்.

காரணம் தெளிவாகவே தெரிகிறது. மூன்று நூல்களின் விவரக் குறிப்பிலும் "மூன்று பாகங்களில் நிறைவுற்ற தொடர்" என்பதை இப்போது முதல் வரியாகச் சேர்த்தேன். "எல்லாப் பாகமும் வந்த பிறகு சொல்லுங்கள் மேடம், ஒரே மூச்சில் படித்துக்கொள்கிறேன்" என்று உள்பெட்டியில் எழுதியவர்கள் பலர். இதை நாசூக்கான மறுப்பு என்று எடுத்துக்கொள்ளும் எழுத்தாளர்கள் உண்டு. அப்படி இல்லவே இல்லை. அவர்கள் சொன்னபடி வந்தார்கள், படித்தார்கள், இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் நகர்ந்தார்கள்.

தமிழ் வாசகருக்குத் தொடர்கதை புதிதா என்ன? வார இதழ்களில் தொடர் படித்து, பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொண்ட சமூகம் இது. அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க நம் பாட்டிகளுக்கும் அத்தைகளுக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் அங்கே, அடுத்த வாரம் கதை வரும் என்பதற்கு ஓர் இதழ் பொறுப்பேற்றிருந்தது. சொந்தமாக வெளியிடும் எங்களுக்காக அப்படிப் பொறுப்பேற்க யாரும் இல்லை. கதாநாயகியை மலையுச்சியில் நிறுத்தி "தொடரும்" போட்டுவிட்டு, அதன்பின் காணாமலே போன தொடர்கள் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் நிறைய இருக்கின்றன. அப்படி ஒருமுறை ஏமாந்த வாசகர் அடுத்த எழுத்தாளரின் முதல் பாகத்தையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார். ஒருவர் பாதியில் விட்டதற்கான விலையை மற்றவர்களும் சேர்ந்தே கொடுக்கிறோம். ஆகவே "தமிழில் ஃபேன்டஸிக்கு வாசகர் இல்லை" என்ற புலம்பலை இனி நான் ஏற்கப்போவதில்லை. வாசகர் இருக்கிறார். கதை முடியும் என்ற உறுதி கையில் கிடைக்கும்வரை காத்திருக்கிறார்.

இந்தப் பொறுமைக்கும் வருமானத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. என் ஆண்டு வருமானத்தில் பாதிக்கு மேல் பிரதி விற்றதால் வந்தது இல்லை. கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் படித்த பக்கங்களால் வந்தது. 2015 ஜூலையிலிருந்து அங்கே படிக்கப்படும் பக்கத்துக்குத்தான் பணம். மாதாமாதம் அறிவிக்கப்படும் பொது நிதியிலிருந்து பிரித்துத் தருகிறார்கள். இந்தியாவில் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது பைசாக் கணக்கு. ஒரு வாசகர் ஒரு பக்கத்தை முதல்முறை படிப்பது மட்டுமே கணக்கில் சேரும், மறுவாசிப்புக்கு எதுவும் கிடையாது. அப்படியானால், முதல் அத்தியாயத்தைத் திறந்து மூடுகிற ஆயிரம் பேரை விட, மூன்று பாகங்களையும் கடைசிப் பக்கம்வரை படிக்கிற நூறு பேர் எனக்கு முக்கியம். குடும்ப நாவல் எழுதும் தோழிகள் இதை எங்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். கிண்டில் தமிழ்ப் பட்டியலில் அவர்கள் கொடிகட்டிப் பறப்பது தற்செயல் இல்லை. சொன்ன தேதியில் அத்தியாயம் தருகிறார்கள், கதையை முடிக்கிறார்கள், அடுத்ததைத் தொடங்குகிறார்கள். அந்த ஒழுங்கை மிகுபுனைவு எழுதுகிறவர்கள் மரியாதையோடு கற்றுக்கொள்ள வேண்டும்.

கேடிபி என்பது அமேசானின் சுயவெளியீட்டுத் தளம்; நூலைக் கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்ப்பது அதன் 'செலக்ட்' திட்டம். அந்தச் செலக்ட்டில் நூலைப் பூட்டி வைக்காமல் பல தளங்களிலும் பரப்பச் சொல்லி ஆங்கிலத்தில் எழுதும் நண்பர்கள் அறிவுரை தருகிறார்கள். அவர்கள் சந்தைக்கு அது பொருந்தலாம். செலக்ட்டில் சேர்ந்தால், அந்த 90 நாள் தவணையில் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் செலக்ட்டில் இருந்தாக வேண்டும். வெளியே நின்றால் 35 சதவீதம்தான். என் வாசகர்களில் பெரும்பாலோர் சந்தாவில் படிக்கிறவர்கள். அவர்களை விட்டுவிட்டு வெளியே போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. வரும் ஆண்டும் செலக்ட்டில்தான் இருப்பேன்.

மிகுபுனைவு எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு செலவு இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை: வரைபடம். என் கதை நாட்டின் வடகரை பழவேற்காடு ஏரி. தெற்கு எல்லை பல்லாவரத்துக் குன்றுகள். 1863இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அந்த மண்ணிலிருந்துதான் என் கதையின் மந்திரக் கல் கிடைக்கிறது. இவ்வளவையும் படமாக வரைந்து, குலக்கொடிகள், கோட்டைப் படங்கள் எல்லாம் சேர்த்து மின்னூலில் வைத்தால் கோப்பு வீங்கிவிடும். 70 சதவீதத் திட்டத்தில் கோப்பின் அளவுக்கேற்ப அனுப்புச் செலவைக் கழிப்பார்கள். இந்தியாவில் ஒரு மெகாபைட்டுக்கு (எம்பி) 7 ரூபாய். வரி நீங்கலாக நூலின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு 3 எம்பி இருந்தால் 21 ரூபாய் போக, மீதி 79 ரூபாய்க்குத்தான் 70 சதவீதம். கைக்கு வருவது 55 ரூபாய் சொச்சம். அதே கோப்பு அரை எம்பியில் அடங்கினால் 67 ரூபாய்க்கு மேல் வரும். ஆகவே வரைபடத்தைக் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சித்திரமாக, ஒரே ஒரு படமாக வையுங்கள். பெரும்பாலோர் கைபேசியில் படிக்கிறார்கள். பத்து வண்ணத்தில் வரைந்த மலைத்தொடர் அந்தச் சின்னத் திரையில் தெரியவும் தெரியாது.

விலை பற்றி என் நிலைப்பாடு உறுதியானது. 90 நாளுக்கு ஐந்து நாள் நூலை இலவசமாகத் தரலாம் என்று செலக்ட்டில் ஒரு வசதி இருக்கிறது. முதல் பாகத்துக்குக்கூட அதை இனிப் பயன்படுத்தமாட்டேன். தமிழில் இலவசத்துக்குப் பஞ்சமே இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால், அவை மிகக் குறைந்த விலையில் கிண்டிலில் குவிந்து கிடக்கின்றன. அது தமிழுக்கு நல்லது. அந்த நூல்களைப் படித்துத்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் அவற்றோடு விலையில் போட்டியிட்டு உயிரோடிருக்கும் எந்த எழுத்தாளராலும் வெல்ல முடியாது. இலவச நாளில் இறக்கிக்கொண்டவர்களில் பலர் நூலைத் திறப்பதே இல்லை. பணம் கொடுத்தவரோ சந்தாவில் எடுத்தவரோதான் விமர்சனம் எழுதுகிறார்.

வரி விஷயத்தில் எனக்கு உண்மையான கோபம் உண்டு. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அச்சில் வந்த நூலின் மின்வடிவத்துக்கு 2018இலிருந்து 5 சதவீதம். அச்சில் வராமல் மின்னூலாக மட்டும் வந்தால் 18 சதவீதம்! நாலைந்து பாகம் நீளும் மிகுபுனைவைத் துணிந்து அச்சிடப் பதிப்பகங்கள் தயங்குகின்றன. அதனால்தான் மின்னூலுக்கு வருகிறோம். வந்த இடத்தில், காகிதத்தில் இல்லை என்பதற்காகவே எங்கள் நூலுக்குக் கூடுதல் வரி. கதை ஒன்றுதானே? எழுத்தாளர் சங்கங்கள் இதை ஒரு கோரிக்கையாக எடுத்துச் செல்ல வேண்டும்.

தேடல் பற்றி ஒன்று. குறிச்சொல்லுக்கு ஏழு கட்டங்களும் மூன்று வகைமைகளும் தருகிறார்கள். நம் வாசகர் பலர் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்கிறார். எனவே தலைப்பை இரண்டு எழுத்திலும் கொடுங்கள். குறிச்சொற்களில் "சரித்திர நாவல்" என்பதையும், அது பொருந்தினால் மட்டும், சேருங்கள். அரசர் கதை தேடி வருகிறவரே அணங்கு, சூர் என்னும் பழந்தமிழ் அச்சுறுத்தும் தெய்வங்கள் உலவும் கதைக்குள் எளிதாக நுழைகிறார்.

வெளிநாட்டு விற்பனை எண்ணிக்கையில் குறைவு, மதிப்பில் இல்லை. அமெரிக்கக் கடையில் 70 சதவீதம் பெற விலை 2.99 டாலராவது இருக்க வேண்டும். வரிப் படிவத்தில் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டுப் பான் எண்ணைக் கொடுத்தால் அமெரிக்க வரிப் பிடித்தம் 30 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறையும். புதிதாக வருகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய எழுத்தோ படமோ இருந்தால் வெளியிடும்போது தெரிவிக்க வேண்டும் என்று 2023 செப்டம்பரில் கேடிபி விதி கொண்டுவந்தது. ஆனால் அந்தத் தகவல் வாசகர் கண்ணில் படுவதில்லை. பட வேண்டும் என்பது என் கட்சி. என் அட்டைகளைச் சென்னை ஓவியர் ஒருவர் கையால் வரைகிறார். அவர் பெயர் உள்பக்கத்தில் இருக்கும். அந்தச் செலவைக் குறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. தொடரை முடிப்பேன் என்று என்னை நம்பி வருகிறவருக்கு, ஒவ்வொரு கோட்டையும் ஒரு மனிதர் வரைந்தார் என்ற உறுதியையும் தர விரும்புகிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலைகள். மூன்று பாகங்களையும் ஒரே தொகுப்பாகக் குறைந்த பிரதிகள் அச்சிடப்போகிறேன். கேடிபியின் அச்சுச் சேவை அமேசானின் இந்தியக் கடைக்கு இல்லை என்பதால், ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் விலை பேசியிருக்கிறேன். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் நண்பர் ஒருவரின் அரங்கில் அது கிடைக்கும். அடுத்து, புதிய தொடர். நெய்தல் நிலத்தில் நடக்கும் நான்கு பாகக் கதை. நான்காம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை எழுதி முடிக்காமல் முதல் பாகத்தை வெளியிடமாட்டேன். அதன்பின் மூன்று மாத இடைவெளியில் ஒவ்வொன்றாக வரும். நான்கின் தேதிகளும் முதல் பாகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

இரண்டு பாகங்கள் கைப்பிரதியாகத் தயார். மெய்ப்புப் பார்க்க நேரமுள்ளவர்கள், குறிப்பாகப் பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடி வலை, படகு, காற்று, நீரோட்டம் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள், உள்பெட்டிக்கு வாருங்கள். முதல் பத்து அத்தியாயங்களை அனுப்புகிறேன். தவறு என்று தோன்றுவதையெல்லாம் தயங்காமல் குறித்துத் தாருங்கள்.