பாசிக்குடாவுக்கு ஒரு பஸ் விடுங்கள், இரவு 11 மணி வரைக்கும்

மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாக் கடற்கரைக்குச் சுற்றுலா பஸ் விட வேணும் என்று யாராவது பேச்செடுத்தால் எல்லாருடைய மனசிலும் ஒரே படம்தான் ஓடுகிறது. ஏசி போட்ட வெள்ளை பஸ், பக்கவாட்டில் மீன் படம், உள்ளே வெள்ளைக்காரர். எனக்குத் தெரிகிற படம் வேறு. இரவு பத்தே முக்கால். பிரதான வீதிச் சந்தியில் பூட்டின கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கையில் டோர்ச் லைட்டோடு நிற்கிற என் அப்பா.

மூன்று வருடம் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங்கில் வேலை செய்தேன். பின்நேர ஷிஃப்ட் 10.30க்கு முடியும். ஹோட்டல் வான் சந்தியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அங்கிருந்து என் ஊரான கிரானுக்கு அந்த நேரத்தில் நம்பி நிற்க ஒரு பஸ் கிடையாது. அருமையாக ஓட்டோ ஒன்று கிடைத்தாலும் அன்றைய உழைப்பில் பெரிய பங்கு போய்விடும். அதனால் அப்பா வருவார். "ஏறு புள்ள" என்பார், வேறு பேச்சில்லை. யூனிஃபோர்ம் பையை மடியில் வைத்துக்கொண்டு கரியரில் இருப்பேன். மாரியில் ஒரு கையால் குடை பிடிப்பேன், காற்று அதை மடக்கிவிடும், இரண்டு பேரும் நனைந்துதான் வீடு சேருவோம். ஒருநாள் அவருக்கு நல்ல காய்ச்சல். வரவேண்டாம் என்று ஃபோனில் கெஞ்சினேன். வந்து நின்றார். சைக்கிள் ஹாண்டிலில் கை நடுங்கினதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த மாதம் வேலையை விட்டேன். சம்பளம் காணாதா என்று மனேஜர் கேட்டார். சம்பளம் காணும் சேர், வீட்டுக்குப் போக வழிதான் இல்லை என்றேன்.

உள்ளூர்ப் பிள்ளைகள் ஹோட்டல் வேலைக்கு வருவதில்லை என்று குறை சொல்கிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் அம்மாமாரிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். என்னோடு பயிற்சி எடுத்த நாலு பேரில் இப்போது ஒருத்திதான் வேலையில் இருக்கிறாள். அவளுடைய வீடு கல்குடாவில், நடந்து போகிற தூரத்தில்.

2009இல் யுத்தம் முடிந்தபிறகு பாசிக்குடாவில் ஹோட்டல் ஹோட்டலாக எழும்பியது. அதற்கு முன்னர் யுத்தமும் 2004 சுனாமியும் சேர்ந்து பழைய விடுதிகளை இடிபாடாக்கி வைத்திருந்தன. மின்சாரம் வந்தது, ரோட்டு வந்தது. அந்த ரோட்டில் ஒழுங்கான நேரத்துக்கு ஓடுகிற ஒரு பஸ்ஸைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பெருந்தெருவில் குறையில்லை, பகலில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கும் திருகோணமலைக்கும் போகிற பஸ்ஸில் அநேகமானவை வாழைச்சேனைப் பக்கத்தைத் தாண்டித்தான் போகும். கல்குடாவில் ரயில் நிலையமே இருக்கிறது. மிச்சமிருக்கிற அந்தச் சில கிலோமீற்றரில்தான் எல்லாரும் முறிகிறோம்.

ரயிலால் இறங்கின ஒரு வெள்ளைக்காரச் சோடியை மத்தியான வெயிலில் அந்த ரோட்டில் கண்டிருக்கிறேன். முதுகில் பெரிய பை, அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிவந்து கிடந்தது, மதில் நிழலைக் கண்ட இடமெல்லாம் நின்று நின்று நடந்தார்கள். அதே ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சனமும் நடக்கும். சோற்றுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், இடுப்பில் பிள்ளை. வான் பிடிக்கக் காசிருக்கிற குடும்பம்தான் கடலைப் பார்க்கலாம் என்றால் எப்படி? முழங்கால் தண்ணீரில் எவ்வளவு தூரமும் நடந்து போகலாம், கைப்பிள்ளையையும் பயமில்லாமல் இறக்கலாம், அப்படியொரு கடல் நமக்கு வாய்த்திருக்கிறது. என் அம்மம்மா கிரானிலேயே பிறந்து கிரானிலேயே கண்ணை மூடினவ. பாசிக்குடாவை இரண்டே தரம்தான் பார்த்தவ.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒரு சின்ன பஸ். வாழைச்சேனை பஸ் நிலையம், கல்குடா ரயில் நிலையம், பாசிக்குடாக் கடற்கரை என்று போய்ப் போய் வரட்டும். ரயில் வருகிற நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்க வேணும். காலை ஷிஃப்டுக்கு ஆட்களைக் கொண்டுபோய்விட வேணும். ராத்திரிக் கடைசி ஓட்டம் 10.45க்குக் கடற்கரையிலிருந்து வெளிக்கிட்டு, கிரான், சந்திவெளி வரை போய்த்தான் திரும்ப வேணும். வெள்ளைக்காரருக்கு ஒரு பஸ், எங்களுக்கு ஒரு பஸ் என்று பிரிக்கவும் வேண்டாம். நான் அறை துப்புரவாக்கின ஒரு ஜெர்மன் அம்மா, அவவின் ஊர்ப்பக்கமான கருங்காட்டுப் பகுதியைப் பற்றிச் சொல்லியிருக்கிறா. அங்கே தங்க வருகிற ஆட்களுக்குக் கொனுஸ் என்றொரு அட்டை கொடுப்பார்களாம். இரவுக்கு இவ்வளவு என்று விருந்தாளி கட்டுகிற சின்ன வரியிலிருந்து அதற்குக் காசு போகிறது. அட்டையைக் காட்டினால் பஸ்ஸும் ரயிலும் இலவசம். ஊர்ச்சனம் ஏறுகிற அதே பஸ், அதே ரயில். அறை வாடகையோடு ஒரு சின்னத் தொகையைச் சேர்த்தால் இங்கே மட்டும் நடக்காதா?

நட்டம் வரும் என்பார்கள். ஓம், வரும். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும், அறைகள் காலியாகும், தனியார் முதலாளி பஸ்ஸை வீட்டு முற்றத்தில் நிறுத்திவிடுவார். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு மாரியில்தான் பஸ் கூடத் தேவை. அதற்குத்தான் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் கெமி செரிய, நிசி செரிய என்று திட்டங்கள் இருக்கின்றன. முதலாவது வருமானம் குறைந்த கிராமத்து வழிகளுக்கு, மற்றது இரவுச் சேவைக்கு. நம்முடைய வழி இரண்டுக்கும் பொருந்தும். பெர்மிட்டுக்குக் கொழும்புக்கு அலையவும் தேவையில்லை, மாகாணத்துக்குள் ஓடுகிற பஸ்ஸுக்கு அனுமதி மாகாணத்திலேயே எடுக்கலாம்.

ஓட்டோ அண்ணாமார் கோபிப்பீர்கள், தெரியும். என் மச்சானும் ஓட்டோதான் ஓடுகிறான். பஸ் வந்தால் ஸ்டேஷன் ஹயர் குறையும், அதை நான் மறைக்கவில்லை. அதனால் பஸ்ஸுக்கு ட்ரைவர், கொண்டக்டர் எடுக்கிறபோது முதலில் உங்களிடம் கேட்க வேணும், பஸ் நிற்கிற இரண்டு முனையிலும் ஓட்டோவுக்கு ஒழுங்கான தரிப்பிடம் தர வேணும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். இந்த பஸ் போகாத குடும்பிமலைக்கும் வாகரைக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். மச்சானிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரி பஸ்ஸை மட்டும் முதல்ல விடச் சொல்லு, அந்த நேரம் நாங்களும் ஓடுறல்ல" என்றான். அதுவும் சரிதான். அதிலிருந்தே தொடங்கலாம்.

பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெறும் கடிதத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள், ஊருக்குத் திரும்புகிற நேரத்தையும் இறங்குகிற ஊரையும் மட்டும் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஹோட்டல் பெயரும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் சேர்த்துக் கடிதத்தோடு கொடுப்பேன். விட்ட வேலைதான் என்றாலும் என்னுடையதை முதலாவதாகப் போடுகிறேன்.

இரவு 10.30. கிரான்.