மோட்டர் ஓட்டட்டும், முடிப்பது கையாக இருக்கட்டும்

திருகோணமலை மாவட்ட வைத்தியசாலைகளுக்கு உபகரணம் வாங்கிக் கொடுக்கக் காசு சேர்க்கும் நலன்புரிச் சங்கங்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும், வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். பற்றரியில் ஓடும் எலும்பு டிரில், குடலை வெட்டித் தைக்கும் மோட்டர் ஸ்டேப்ளர் எல்லாம் தேவையானவைதான். ஆனால் மோட்டர் எவ்வளவு சக்தி வாய்ந்தது என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மோட்டர் எந்த இடத்தில் வேலையைக் கைக்கு ஒப்படைக்கிறது, அது நின்றுபோனால் கையால் முடிக்க வழி உண்டா என்று கேளுங்கள்.

மோட்டர் சைக்கிள் விபத்தில் முன்கை முறிந்து வருகிறவருக்கு 3.5 மில்லிமீற்றர் ஸ்குரூக்களோடு பிளேட் பொருத்துவதையே எடுத்துக்கொள்வோம். சாதாரண ஸ்குரூவுக்குத் துளை போட 2.5 மில்லிமீற்றர் பிட், பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும் லொக்கிங் ஸ்குரூவுக்கு 2.8. இந்தத் துளையை மோட்டரால் போடுவதே நல்லது. கையால் சுற்றும்போது பிட் ஆடும், துளை வட்டமாக இராது. ஆனால் பிட் மழுங்கியிருந்தால் எலும்பு சூடேறும். 47 பாகை செல்சியஸ் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புக் கலங்கள் சாகத் தொடங்கும், பிறகு ஸ்குரூ தளரும். அதனால்தான் துளைக்கும்போது சேலைன் விட்டுக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு ஆபத்து, எலும்பின் மறுபக்கச் சுவரைப் பிட் தாண்டும் கணம். எதிர்ப்பு சட்டென்று இல்லாமல் போகும். அழுத்தி ஓட்டிக்கொண்டிருந்தால் பிட் அப்பால் இருக்கும் நரம்பிலோ இரத்தக்குழாயிலோ போய் இறங்கும். மழுங்கிய பிட்டுக்குக் கூடுதலாக அழுத்த வேண்டியிருப்பதால் இதிலும் அதுவே மோசம். டிரில்லுக்குச் செலவழிக்கிறவர்கள் புதிய பிட்டுகளுக்குக் காசு ஒதுக்காமல் விடுவது வீண் செலவு.

ஸ்குரூ ஏற்றும்போதுதான் கை அவசியமாகிறது. தலை பிளேட்டைத் தொடுவதற்குச் சற்று முன்வரை மோட்டரால் ஓட்டலாம். அதோடு நிறுத்தி, கைப்பிடியில் முறுக்குவிசை மட்டுப்படுத்தியை மாட்டி முடிக்க வேண்டும். 3.5 லொக்கிங் ஸ்குரூவுக்கு 1.5 நியூட்டன் மீற்றர், 5.0 ஸ்குரூவுக்கு 4 என்பதே வழமை. அந்த அளவு வந்ததும் அது 'கிளிக்' என்று விட்டுக்கொடுக்கும். மோட்டராலேயே இறுக்கினால் ஸ்குரூத் தலையின் மரையும் பிளேட்டின் மரையும் ஒன்றோடொன்று இறுகிப்போகும். டைட்டானியத்தில் இது இன்னும் மோசம். ஓரிரு வருடம் கழித்துப் பிளேட்டைக் கழற்ற வரும்போது ஸ்குரூத் தலையின் அறுகோணக் குழி வழுக்கிவிடும். பிறகு தலையைத் துளைத்து எடுக்க வேண்டும், உலோகத் தூள் காயத்துக்குள் விழும். நோயாளிக்குத் தேவையில்லாத வேதனை அது. சாதாரண ஸ்குரூவில் பிரச்சினை வேறு. முதியவரின் மெலிந்த எலும்பில் கால் சுற்று கூடினாலே எலும்பில் பிடித்த மரை உரிந்துவிடும். அந்த நுண்ணிய எதிர்ப்பு விரலுக்குத் தெரியும், ட்ரிகருக்குத் தெரியாது.

ஆகவே டிரில் வாங்கினால் அதோடு 1.5, 4 இரண்டு மட்டுப்படுத்திகளும், கைப்பிடியும், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் பொருத்திய T வடிவக் கைப்பிடியும், துளைக்கும் வழிகாட்டிக் குழாய்களும் வர வேண்டும். ஒரே ஸ்குரூட்ரைவர் தண்டு மோட்டரிலும் கைப்பிடியிலும் பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பொருந்தாவிட்டால் நடுவில் மாற்ற யாருக்கும் நேரமிராது, மோட்டராலேயே இறுக்கி முடித்துவிடுவார்கள். கனடாவில் வாங்குகிறவர்கள் சார்ஜரின் லேபலைப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பற்றரியை நீராவியால் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவில் போடலாமா என்பதும் முக்கியம். பல வகைகளில் போடக்கூடாது. கிருமி நீக்கிய புனல் வழியாகப் பற்றரியை உள்ளே இறக்கி மூடுகிற ஏற்பாடு இருக்கும். அந்தப் புனல் இல்லாமல் வந்த டிரில்லைத் தியேட்டருக்குள் எடுக்கவே முடியாது.

ஸ்டேப்ளரில் கதை தலைகீழ். குடலை வெட்டித் தைக்கும்போது கைவிசையால் நெம்புகோலை அமுக்கினால் கருவியின் நுனி அசையும், இழையம் இழுபடும். மோட்டர் அந்த அசைவைக் குறைக்கிறது. குடலைக் கவ்வும் தாடையை மூடிவிட்டுச் சுமார் 15 விநாடி பொறுத்த பிறகு சுடுவது, அதாவது ஊசிகளை இறக்கிக் கத்தியை ஓட்டுவது, நல்லது, இழையத்தின் நீர் வெளியேறித் தடிப்புக் குறையும். மோட்டர் இருக்கிறதென்று அந்தப் பொறுமையை விட்டுவிடக்கூடாது. இத்தகைய கருவிகளில் மோட்டரின் சுழற்சியைப் பற்சக்கரங்கள் பலமடங்கு குறைத்து விசையாக மாற்றுகின்றன. அதனால் பற்றரி இறந்தால் கத்தி பாதி வழியில் நிற்கும், நுனியிலிருந்து இழுத்துப் பின்னே தள்ள முடியாது. தாடை குடலைக் கவ்வியபடியே இருக்கும். இதற்காகத்தான் பல மொடல்களில் கைப்பிடியின் மேல் ஒரு மூடியும், அதனுள் கத்தியைப் பின்னிழுக்கும் நெம்புகோலும் வைத்திருக்கிறார்கள். அதைத் தூக்கியதும் மோட்டர் விலகிவிடும், அந்தக் கருவியை மறுபடி சுடப் பயன்படுத்தக்கூடாது. ஆகவே மாற்று ஸ்டேப்ளர் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊர் எங்களுடையது, நடு ஒப்பரேஷனில் ஆள் அனுப்பி எடுப்பிக்க முடியாது.

சிறு துளை வழியாகச் செய்யும் லப்பரஸ்கொபி ஒப்பரேஷனுக்கு வரும், மணிக்கட்டுப் போல நுனி வளையும் கருவிகளில் நுனியை வளைப்பதும் சுழற்றுவதும் மோட்டர், கவ்வுவது மட்டும் கை என்ற அமைப்பையே நான் விரும்புவேன். தைக்கும் நூலின் இழுவை விரலுக்குத் தெரிய வேண்டும்.

அனுப்புவதற்கு முன் தியேட்டர் சிஸ்டரிடமும் உயிர்மருத்துவப் பொறியியலாளரிடமும் இருக்கிற செட்டின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டேப்ளர் வாங்கினால், காலாவதியான ஒன்றையும் கேட்டெடுத்து "பயிற்சிக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதி அனுப்புங்கள். அந்த மூடியைத் திறந்து நெம்புகோலை இழுத்துப் பழக ஒவ்வொரு புதுத் தாதிக்கும் ஒன்று தேவை.